பதுளை வீதியைப் பகலில் ஏறுவோம்

மட்டக்களப்பில் நாலு பேர் சேர்ந்து மலைநாட்டுக்குப் போவோம் என்று கதைக்கத் தொடங்கினால், எங்கே போவது என்பது முடிவாகும் முன்பே எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்பது முடிவாகிவிடும். நடுச்சாமம் தாண்டி ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. வேனில் குடும்பமாகப் போனாலும் அதுதான் நேரம், மோட்டார் சைக்கிளில் கூட்டாளிமாராகப் போனாலும் அதுதான் நேரம். "ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டா விடியக்குள்ள பதுளையில நிண்டிரலாம் மச்சான். ஒரு நாள் மிச்சம்." வருகிற ஓகஸ்டில், எங்கள் மாமாங்கேஸ்வரர் கோயிலின் மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு மூன்று நாள் பயணமாக மலைக்கு ஏறுவோம் என்று பேச்சு வந்ததிலிருந்து இதே வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை வீதியோரத்தில் நின்று இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

இரவில் போகும் ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செங்கலடியில் கறுத்தப் பாலத்தைக் கடந்து போகும் பதுளை வீதி, என் அப்பாவின் வயதுக்காரருக்குப் பல வருடங்கள் இருந்தும் இல்லாத வீதி. கரடியனாறு, புல்லுமலை என்ற பெயர்களைச் சண்டைச் செய்திகளில் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். 2007 ஜூலையில் குடும்பிமலை இராணுவத்தின் கைக்குப் போய், கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகுதான் அந்தப் பெயர்கள் திரும்பவும் ஊர்களாயின. பொழுது பட்டால் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளின் பிள்ளைகள் நாங்கள். நினைத்த சாமத்தில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எந்தத் தடைமுகாமிலும் இறங்கி நடக்காமல் காட்டு வீதியில் போக முடிகிறது என்பதே ஒரு பெரிய சந்தோசம். அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடம் போக முடியாமல் இருந்த ஒரு வீதி கையில் கிடைத்த பிறகு, அதை இருட்டிலேயே கடந்து போய்விடுகிறோமே என்பதுதான் என்னைக் குடைகிறது.

பகலில் அந்த வீதி எப்படி இருக்கும் என்று இந்தப் பயணத்துக்கு வருகிற இளம் பொடியன்மாரிடம் கேட்டால், அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நின்று எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கிறது. பிபிலைக்கும் லுணுகலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளுகிற ஒரு வழியில், கடைசி இருபது கிலோமீற்றரைத்தான் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

காலை ஐந்தரைக்குச் செங்கலடியில் நின்றால் கரடியனாற்றில் விடியும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கே உரிய வெளிச்சம் அது. வயல் முடிந்து புதர்க்காடு, அதற்குப் பின்னால் தனித்தனியாக எழுந்து நிற்கும் கற்பாறை மலைகள். உன்னிச்சைக் குளத்துக்குப் பிரியும் வழியைத் தாண்டி, புல்லுமலையைக் கடந்தால் வீடுகள் குறைந்துவிடும். மகா ஓயாவுக்கு முன்னால் வரும் காட்டில் பைக்கின் சத்தமே உங்களுக்குப் பெரிதாகக் கேட்கும். மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. திருகோணமலைக் கன்னியா ஊற்றுகளைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அம்பாறையிலிருந்து உகனை வழியாக வருகிறவர்களும் அங்கேதான் வந்து சேர்வார்கள். பதியத்தலாவையில் ஒரு வழி மகியங்கனைக்குப் போய் அங்கிருந்து கண்டிக்கு ஏறும், எங்கள் வழி தெற்கே பிபிலைக்குத் திரும்பும். பிபிலையில் காலபோகம் என்றால் தோடம்பழம் வாங்கலாம். இது வரைக்கும் தரை. காற்றில் இன்னும் எங்கள் ஊர் வெக்கை இருக்கும்.

மிச்சம் பிடிக்கிற நாள்

இரவில் போனால் ஒரு நாள் மிச்சம் என்ற கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம். சாமம் இரண்டு மணிக்கு வெளிக்கிடுகிறவன் முந்தின இரவு தூங்குவதில்லை. பை கட்டி, பெற்றோல் அடித்து, சந்தியில் கூடி, ஒருவனுக்காக இன்னொருவன் காத்திருந்தே நேரம் போய்விடும். மகா ஓயாக் காட்டைக் கடக்கும்போது யானை நிற்கிற நேரம். படுவான்கரைக் கிராமங்களில் யானையால் வீடு இழந்தவர்களையும் உயிர் இழந்தவர்களையும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே இரவில் ஊர்க்காரனே தேவை இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. நாங்கள் 100 சிசி பைக்கின் மங்கலான முன்விளக்கோடு, வளைவுக்கு அப்பால் கறுப்பாக என்ன நிற்கிறது என்று தெரியாமல், ஐம்பது அறுபதில் போகிறோம். என் அம்மா ஒவ்வொரு முறையும், "மனே, ஆனைக்கு உன்ட ஹோர்ன் சத்தம் விளங்காது, விடிஞ்சு போ" என்பார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்லத் தெரியாது. அதற்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை.

காட்டைத் தாண்டினாலும் சரி, பிபிலைக்குப் பிறகு வருவது ஏற்றம். தூக்கம் ஆளை அமுக்குகிற நாலு மணி, ஐந்து மணிக்கு அந்த வளைவுகளில் நுழைகிறோம். மலையில் பனிமூட்டம் தடிப்பாக இருக்கும் நேரமும் அதுதான். கை விறைத்து, கிளட்சைப் பிடிக்கிற விரல் மடங்காமல், கண் எரிய எரிய ஏறி, விடிந்த பிறகு எல்லவுக்குப் போய்ச் சேர்கிறோம். சேர்ந்து என்ன செய்கிறோம்? தங்கும் அறை மத்தியானத்துக்குத்தான் கிடைக்கும். அது வரைக்கும் ஒரு கடையில் சுருண்டு கிடந்து, அறை கிடைத்ததும் பின்னேரம் வரைக்கும் தூங்கி எழும்புகிறோம். மிச்சம் பிடித்த நாள் அங்கேதான் முடிகிறது. வீதியும் பார்க்கவில்லை, ஊரும் பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால் அந்த ஏற்றம்தான் இந்தப் பயணத்தின் நெஞ்சு. பிபிலையை விட்டுக் கொஞ்ச தூரத்தில் வீதி மலையைத் தொட்டு வளையத் தொடங்கும். நாலாவது கியரில் வந்த பைக் மூன்றுக்கு இறங்கும், பிறகு இரண்டுக்கு. பின்னால் ஆள் இருந்தால் சில வளைவுகளில் ஒன்றுக்கே போக வேண்டும். வேகம் இருபது, இருபத்தைந்து. அந்த வேகத்தில்தான் ஒவ்வொன்றாகப் பிடிபடும்: முதலில் காதுக்குப் பக்கத்துக் காற்று குளிரும், பிறகு மண்ணின் நிறம் மாறும், பாலை, வீரை நின்ற இடத்தில் பலா, கித்துள், மிளகுக் கொடி வரும், அதற்கும் மேலே முதல் தேயிலைச் சரிவு. கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு, தன் ஊரிலிருந்து தன் பைக்கிலேயே புறப்பட்டு, ஒரு காலைப்பொழுதுக்குள் வேறொரு காலநிலைக்குள் ஏறி வந்துவிட்டோம் என்பது உடம்பால் தெரிகிற இடம் அது. வேனில் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவனுக்கு அது கிடைக்காது. இருட்டில் முன்விளக்கின் வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கும் கிடைக்காது.

லுணுகலையில் பெய்த மழை

இந்த எண்ணம் எனக்குள் உறுதியான இடம் லுணுகலை. ஒரு ஓகஸ்டில் நானும் மச்சானும் பகலில் ஏறிக்கொண்டிருந்தோம். எல்லவில் அறைக்கு முற்பணம் கட்டியிருந்தோம். மகா ஓயாவில் குளித்து, பிபிலையில் சாப்பிட்டு ஆறுதலாக வந்ததில் லுணுகலையை நெருங்கும்போது பின்னேரம் இரண்டு மணி தாண்டிவிட்டது. வானம் ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் கறுப்பு. ரெயின்கோட்டை எடுக்க பைக்கை ஓரங்கட்டுவதற்குள் மழை இறங்கிவிட்டது. எங்கள் ஊர் மாரி மழை நாள்முழுக்க நின்று பெய்யும். இது வாளியால் ஊற்றுகிற மாதிரி வந்தது. வீதியின் கான் நிமிடத்தில் நிரம்பி, செம்மண் தண்ணீர் தார் மேல் ஏறி ஓடியது. முன்னால் தெரிந்த ஒரு தகரக் கூரைக் கடைக்குள் பைக்கோடு புகுந்தோம்.

கடை நடத்தியவர் ஐம்பது வயது இருக்கும் ஒரு அக்கா. தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுத்தவர், இப்போது கடை. எங்களை உட்கார வைத்து, கேட்காமலே பிளேன்டீ ஊற்றித் தந்தார். தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் வந்தது. "எங்க தம்பி போறீங்க, எல்லவுக்கா?" என்று கேட்டார். ஓம் என்றோம். பசறைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மச்சான் கேட்டான். "நேரத்த விடுங்க. மழை விட்டதும் ஓடிறாதீங்க. மழை நின்னா போயிறலாம்னு நெனைக்கிறீங்க, மண்ணுக்குள்ள தண்ணி எறங்கிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். கானைக் காட்டி, தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். தெளிந்து ஓடினால் போகலாம். மேலே மரம் அறுபடாத, மண் வெட்டாத சரிவிலிருந்து திடீரென்று சேறாக வந்தால் அந்த மலை அசைகிறது என்று அர்த்தம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. கலங்கிய ஊற்றுத் தண்ணீர், புதிதாக விழுந்த வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம் எல்லாவற்றையும் அவர்களும் அடையாளமாகச் சொல்கிறார்கள். அந்த அக்கா அதைச் சரிவின் கீழே குடியிருந்து கற்றிருந்தார். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத்து லயன் வீட்டு வரிசைகளோடு ஆட்கள் மண்ணுக்குள் போனதைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. 2021 மார்ச்சில் பசறைக்கு இந்தப் பக்கம் பதின்மூன்றாம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் செத்த இடத்தையும் சொன்னார். மலையிலிருந்து விழுந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக் கிடந்த இடம் அது. "அந்த எடத்த ராவுல நீங்க பார்க்க மாட்டீங்க" என்றார்.

பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. நாங்கள் மட்டக்களப்பு என்றதும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மட்டக்களப்பு ஆளுங்க நெறைய இந்தப் பக்கமாத்தான் போறாங்க. எல்லாம் ராவோட ராவா. எங்களுக்கு லைட்டு மட்டுந்தான் தெரியும்." குறையாகச் சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கிறது என்று சொன்னார். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. லுணுகலை, பசறை, மடுல்சீமை என்று அந்த மலைமுழுக்கத் தமிழ் பேசுகிற சனம். கடையில், பஸ் தரிப்பில், கோயில் வாசலில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எங்கும் எங்கள் வாய்ப்பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 சட்டம் வரைக்கும் அதற்காகக் காத்திருந்த குடும்பங்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு வீதிதான் இருக்கிறது. அந்த வீதியில் எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது முன்விளக்கு வெளிச்சம். அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அதை விடக் குறைவு.

மழை நாலரைக்கு விட்டது. கான் இன்னும் சிவப்பாகத்தான் ஓடியது. மச்சான் என்னைப் பார்த்தான். எல்லவில் கட்டின முற்பணம் போகட்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அக்கா கடைக்குப் பின்னால் இருந்த அறையை ஒழித்துத் தந்தார். அன்றிரவு அவருடைய மருமகனும் பக்கத்து லயத்து ஆட்களும் வந்து உட்கார்ந்து கதைத்தார்கள். கிழக்கிலிருந்து சந்தைக்கு வருகிற கருவாட்டு லொறியைப் பற்றி, எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டிப் போன ஒரு அத்தையைப் பற்றி, பதுளை வைத்தியசாலைக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோக இரவில் பட்ட பாட்டைப் பற்றி. "அடுத்த தடவை வர்றப்ப ஒரு கிலோ நெத்தலி கொண்டாங்க தம்பி, காசு தந்து வாங்கிக்கிறேன்" என்றார் அக்கா. காலையில் கான் தெளிந்திருந்தது. நமுணுகுலை மலை உச்சி வரைக்கும் துப்பரவாகத் தெரிந்தது. பதின்மூன்றாம் கட்டையில் பைக்கை நிறுத்தி, கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனோம்.

கச்சானின் மறுபக்கம்

எந்த மாதம் போவது என்ற கேள்விக்கும் எங்கள் ஊரில் பழக்கம்தான் பதில் சொல்கிறது. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் நுவரெலியா, மார்கழிப் பாடசாலை விடுமுறையில் எல்ல. இரண்டும் மோட்டார் சைக்கிளுக்குச் சரியான காலம் இல்லை. பதுளை இருக்கும் ஊவாப் பக்க மலைக்குப் பெரிய மழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், எங்களுக்கு மழை பெய்கிற அதே காலத்தில்தான் வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் எங்கள் கரையையும் நனைத்து, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகளையே சரித்துப்போட்ட பிறகு, மார்கழியில் மலைக்குப் போவோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சித்திரையில் பின்னேர இடிமழையும் சனநெரிசலும் சேர்ந்து வரும்.

எங்களுக்கான காலம் கச்சான் காலம். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து அடித்து, வீட்டுக்குள் மண்ணை வாரி இறைத்து, உதட்டை வெடிக்க வைக்கிற அந்தக் காற்றை நாங்கள் திட்டாத நாள் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் மலை வேறு மாதிரித் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஏறும்போது சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது வறண்டு போகிறது, இறங்க இறங்கச் சூடாகிறது, எங்களிடம் வரும்போது கச்சானாக வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் அந்த வறண்ட காற்று கொழுந்தில் படுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடி வாங்குகிற வாசனை கிடைக்கிறது. எங்கள் வாசலில் புழுதியாக இறங்குகிற காற்றுத்தான் பசறையில் தேயிலைக்கு விலையைக் கொடுக்கிறது. இதை அறிந்த பிறகு கச்சானில் மலை ஏறுவது எனக்கு வேறொரு உறவாகிவிட்டது.

அந்தக் காலத்திலும் மழை அடியோடு இல்லை என்பதற்கு லுணுகலையே சாட்சி. ஓகஸ்ட், செப்டெம்பரில் வானொலிச் செய்தி முடிவில், ஊவா, கிழக்கு மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த இரண்டு மணியைத்தான் மலையில் நான் பயணத்தின் எல்லையாக வைக்கிறேன். விடியலில் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டோடு பைக்கை நிறுத்திவிட வேண்டும். பின்னேரம் நடக்கலாம், ஆட்களோடு இருந்து கதைக்கலாம், மழையைப் பார்க்கலாம். இரவில் புறப்படுகிற ஆட்களிடம் நான் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஓட்டுவதற்கு நல்ல நேரம் காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரைக்கும்தான். அந்த எட்டு மணித்தியாலத்தைத் தூங்குவதற்குக் கொடுத்துவிட்டு, ஓட்டக்கூடாத நேரத்தில் ஓட்டுகிறோம்.

காற்றுக்கும் கொஞ்சம் பயப்பட வேண்டும். அப்புத்தளை 1431 மீற்றர் உயரத்தில் மலைமுதுகின் மேலேயே உட்கார்ந்திருக்கிற ஊர். ஆடி மாதத்தில் அங்கே பக்கவாட்டில் அடிக்கிற காற்று, பை கட்டின பைக்கை ஒரு அடி தள்ளிவிடும். தம்பதென்னத் தோட்டம் வழியாக லிப்டன் ஆசனத்துக்கு ஏறும் வழி ஒடுக்கம். காலை ஏழு, எட்டு மணிக்கு அங்கே நின்றால் தெற்குச் சமவெளி முழுவதும் தெரியும். பத்து மணிக்குப் பிறகு போனால் முகிலைத்தான் பார்க்கலாம்.

பட்டியலை வெட்டுவது

எங்கள் குழுவில் ஒருவர் போட்ட பட்டியலில் பதுளை துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, எல்ல, அப்புத்தளை, ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா, கண்டி, திரும்பி வரும்போது மகியங்கனைக் கொண்டையூசி வளைவுகள் என்று எல்லாம் இருந்தது. மூன்று நாளில். வரைபடத்தில் விரலை வைத்து அளந்தால் எல்லாம் பக்கத்தில்தான். மலையில் கிலோமீற்றர் கணக்கு பொய் சொல்லும். தரையில் ஒரு மணிக்கு ஐம்பது போகிறவன் அங்கே இருபத்தைந்து போனால் கெட்டிக்காரன். நுவரெலியாவைத் தொட்டால் இந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து மழைக்குள் நுழைகிறோம் என்று அர்த்தம். அதனால் நுவரெலியாவையும் கண்டியையும் வெட்டச் சொன்னேன். துன்ஹிந்தையையும் வெட்டலாம், பதுளை நகரத்துக்குள் போகாமலே பசறையிலிருந்து நமுணுகுலை வழியாக எல்லவுக்கு ஒரு வீதி போகிறது. தோட்டங்களின் நடுவால் போகும் ஒடுங்கிய வீதி, பெரிய பஸ்களின் தொல்லை குறைவு. பட்டியல் போட்டவருக்கு மனவருத்தம்தான். "இவ்வளவு தூரம் போய் நுவரெலியா பார்க்காம வாறதா?" என்று கேட்டார். நுவரெலியா அங்கேயேதான் இருக்கும், அதற்குத் தை கழிந்து தனியாக ஒரு பயணம் போடுவோம் என்றேன். இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றிக் கனவு காண்கிற நாங்கள் இறக்கத்தைப் பற்றி யோசிப்பது குறைவு. எல்லவிலிருந்து வெல்லவாய வரைக்கும் முப்பது கிலோமீற்றர் கூட இல்லை. அதற்குள் ஆயிரம் மீற்றரிலிருந்து கிட்டத்தட்டத் தரைக்கு இறங்கிவிடுகிறோம். இராவணன் நீர்வீழ்ச்சி அந்த வழியில்தான் வீதியை ஒட்டி விழுகிறது, எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருக்கும். 2025 செப்டெம்பர் 4ஆம் தேதி இரவு அதே வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பின ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதுவும் இரவு.

பைக்கில் இந்த இறக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதிதாக வருகிற தம்பிமாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எங்களில் பலரிடம் இருப்பது பின் சில்லுக்கு ட்ரம் பிரேக் போட்ட 100, 125 சிசி பைக்குகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது, அதனால் எங்கள் குழுவில் பத்து வருடத்துக்குக் குறைந்த பைக்கைக் காண்பது அரிது. இரண்டு ஆள், பை, நீண்ட இறக்கம் என்று வரும்போது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூ சூடேறும். சூடேறினால் பிடி குறையும், குறைந்தால் இன்னும் அழுத்துவோம், அழுத்தினால் இன்னும் சூடேறும். அதற்கு ஒரே வழி, எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்குவது. இரண்டில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்க விட வேண்டும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் தொட்டு விட வேண்டும், வளைவுக்குள் தொடக்கூடாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் எங்கள் பொடியன்மாரிடம் இருக்கிறது. அதைச் செய்கிறவனை நான் என்னோடு கூட்டிப் போக மாட்டேன். ஏறி வருகிற வாகனத்துக்கு வழி விடுவதும் கட்டாயம். பாரத்தோடு ஏறுகிற லொறி நடுவில் நின்றுவிட்டால் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்று அதை ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

ஆகவே நான் போட்டிருக்கிற திட்டம் இது. முதல் நாள் விடியலில் செங்கலடி, மகா ஓயாவில் காலைச் சாப்பாடு, பத்தரைக்குள் பிபிலை, இரண்டு மணிக்கு முன்னால் லுணுகலை. அன்றிரவு அங்கேயே. இரண்டாம் நாள் காலை பசறை, நமுணுகுலை வழியாக எல்ல, நேரம் இருந்தால் பண்டாரவளை வரைக்கும். அப்புத்தளைக்குப் போக விரும்புகிறவர்கள் அன்றிரவை அங்கே போடலாம், அடுத்த நாள் விடியலில் லிப்டன் ஆசனம் பார்த்துவிட்டு வந்து எங்களோடு சேரலாம். மூன்றாம் நாள் வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், பிறகு அக்கரைப்பற்று, கல்முனை வழியாகக் கரையோரமாக வீடு. மொத்தமாக 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் பைக்குகளுக்கு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் பெற்றோல் போதும். லகுகலைக் காட்டைப் பின்னேரம் நாலு மணிக்கு முன்னால் கடந்துவிட வேண்டும், அங்கேயும் யானை வீதிக்கு வரும். புறப்படும் கிழமையில் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் திகதியை மாற்றுவது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

மச்சான் ஒத்துக்கொண்டான். பட்டியல் போட்டவர் அப்புத்தளைக்குப் போகலாம் என்றதும் பாதி ஒத்துக்கொண்டார். இளம் பொடியன்மார் இரண்டு பேர் இன்னும் சாமத்தில்தான் வெளிக்கிட வேண்டும் என்று நிற்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அதில் ஒருவனுடைய பைக்கில் செயினும் ஸ்பொக்கட்டும் தேய்ந்து பல்லு கூராகி நிற்கிறது. மாமாங்கத்துக்கு முன்னால் அதை மாற்றிவிடு தம்பி, கிளட்ச் கேபிள் ஒன்றும் கையில் வாங்கி வை. நெத்தலியை நான் காத்தான்குடிச் சந்தையில் எடுத்து, இரண்டு பொலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டி வருகிறேன்.